ஓடாதவரின் கெண்டைக்கால் வலி

என் கணவர் சேகரன் தம் வாழ்நாளில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடியவர் இல்லை. பஸ் போய்விடும் என்றால்கூட ஓட மாட்டார், அடுத்த பஸ்ஸில் வருவார். ஓடுகிறவள் நான். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இறங்கி நோயை வாங்கி வந்தவள் நான். வாங்கி வந்தவள் எழுந்து நடமாடுகிறேன். அவர் ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ் சென்டரில் கழுத்துக் குழாயை மெஷினில் மாட்டிக்கொண்டு படுத்துக்கிடக்கிறார். அவர் உள்ளே படுத்திருக்கும் நேரத்தில், வெளியே ஏர்கோன் குளிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஓடுகிறவர்கள் படிக்க வேண்டும். ஓடுகிறவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் வீடு ஜோகூரில், மாசாயில். அவர் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். நான் சரக்கு அனுப்பும் ஒரு பார்வர்டிங் ஆபீஸில் கிளார்க். அவருக்குக் கல்யாணமான சில வருஷங்களிலேயே சுகர் வந்துவிட்டது. எனக்கு நாற்பது வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்த கிளினிக் டாக்டர், நீங்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள், இப்போதே நடக்க ஆரம்பியுங்கள் என்று பயமுறுத்தினார். பயந்து நடந்தேன். நடை ஓட்டமானது. ஓட்டம் பைத்தியமானது. பக்கத்துப் பூங்காவில் ஓடும் கூட்டம் ஒன்றில் சேர்ந்தேன். கோச் என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவர் அதை நடத்தினார். அவரை யார் கோச்சாக நியமித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரோட்டில் ஓடும் மாரத்தான் ஒரு கௌரவமான காரியம். போலீஸ்காரர் ரோட்டை மறித்து நிற்பார். வழியெல்லாம் தண்ணீர் கொடுப்பார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள், முன்பின் தெரியாதவர்கள் கை தட்டுவார்கள். ஜோகூர் பாருவில் நான் ஓடிய முதல் முழு மாரத்தானில் கடைசிப் பத்து கிலோமீட்டரை அழுதுகொண்டேதான் கடந்தேன். இரண்டு கால் நகங்கள் கறுத்து விழுந்தன. அதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் ஓடாதவர்களுக்குப் புரியாது. பிறகு காட்டு ஓட்டம் பிடித்துக்கொண்டது. அதில் ரோடு கிடையாது. வேர், பாறை, அட்டை, சேறு இவற்றுக்கு நடுவே காசு கட்டிக் கஷ்டப்பட வேண்டும். எவ்வளவு சேறு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு பெருமை. ஓடி முடித்ததும் மெடலைப் போட்டோ எடுப்பதற்கு முன்னால் சப்பாத்தைத்தான் போட்டோ எடுப்போம்.

என் வீட்டுக்காரர் ஒரு போட்டிக்கும் வந்து நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்பார். ஜெயித்தாயா என்று கேட்டதில்லை, ஜெயிக்கிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் என் சப்பாத்தை அவர்தான் கழுவுவார். பழைய டூத்பிரஷ்ஷால் அடிப்பக்கத்து இடுக்கெல்லாம் தேய்த்து, உள்ளே பேப்பரைச் சுருட்டி வைத்து, பின்கட்டில் காயப்போடுவார். நான் கேட்டதும் கிடையாது, நன்றி சொன்னதும் கிடையாது. அவர் கழுவுவார், நான் போட்டுக்கொண்டு ஓடுவேன். அதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

நான் நோயை வாங்கி வந்த அந்தப் போட்டி, உலு திராமுக்கு அப்பால் ஒரு குன்றில் ஏறி, செம்பனைத் தோட்டத்து வழியாக இறங்குவது. முந்தின நாள் முழுக்க மழை. தோட்டத்தின் பள்ளமான பகுதியில் லோங்காங் வாய்க்கால் நிரம்பி, எது பாதை எது வடிகால் என்றே தெரியவில்லை. வழிகாட்ட நின்ற பையன்கள் சுற்றிப் போகச் சொல்லவில்லை, நேரே இறங்குங்கள் என்று கையைக் காட்டினார்கள். தொடை வரைக்கும் பழுப்புத் தண்ணீர். அதற்கு முன்னால்தான் ஒரு காய்ந்த மட்டையின் முள் என் முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கீறியிருந்தது. எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள், நானும் இறங்கினேன். ஒருத்தி கீழே விழுந்து வாயெல்லாம் சேறாக எழுந்தாள், சிரித்தோம்.

என் அப்பாவும் அம்மாவும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். செம்பனைப் பழம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மார்பில் நம்பரைக் குத்திக்கொண்டுவிட்டால் தோட்டம் தோட்டமாகத் தெரியாது. வெறும் ரூட்டாகத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து எனக்கு இரண்டு கெண்டைக்காலும் வலிக்க ஆரம்பித்தது.

இங்கேதான் எங்கள் ஜாதிக்கு மட்டுமே நடக்கக்கூடிய தப்பு நடந்தது. ஓடாத ஒரு மனுஷிக்குத் திடீரென்று கெண்டைக்கால் வலித்து, உடம்பு காய்ந்தால் என்ன செய்வாள்? டாக்டரிடம் போவாள். ஓடுகிறவள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். நான் போட்டேன். ஐஸ் வை, உருளையை வைத்து உருட்டு, புரோட்டீன் குடி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கோச் ஒரு படி மேலே போனார். குன்று இறங்கிய தசை இப்படித்தான் தாமதமாக அழும், மெதுவாக ஓடி ரத்தத்தைச் சுற்ற விட்டால் போய்விடும் என்றார். உள்ளே காய்ச்சலை வைத்துக்கொண்டு பூங்காவை நாலு சுற்று ஓடினேன். வலி கூடியது. கூடினால் குணமாகிறது என்று அர்த்தம் என்று ஒருவர் எழுதினார். அதையும் நம்பினேன். விளையாட்டுப் பையில் எப்போதும் வைத்திருக்கும் வலி மாத்திரையைக் காலையும் மாலையும் விழுங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

காய்ச்சல் விடாமல் அடிக்கவும் கிளினிக்குக்குப் போனேன். நம் ஊரில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கி. டெங்கி இல்லை என்று வந்ததும் டாக்டருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. பெனடோலும் லீவுக்கு எம்சி சீட்டும் கொடுத்து அனுப்பினார். மறுநாள் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. அதற்கடுத்த நாள் போகவே இல்லை. சமையலறையில் தண்ணீர் பிடிக்கும்போது தலை சுற்றி விழுந்தேன். இவர் என்னைத் தூக்கிக் காரில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

எமர்ஜென்சியில் காத்திருப்பது மாரத்தானைவிடக் கஷ்டம், அங்கே எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறோம் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நம்பர் வந்தபோது என்னைப் பார்த்தவர் மகள் வயதில் ஒரு மலாய் டாக்டர். முதலில் என் கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழி முழுக்கச் சிவந்திருந்தது, ஆனால் பீளை இல்லை. பிறகு கெண்டைக்காலை விரலால் லேசாக அமுக்கினார். அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். ஆற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கினீர்களா என்று கேட்டார். காட்டு ஓட்டம் ஓடினேன் என்று சொன்னேன். அந்த நிலைமையிலும் அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு மலாயில் நோயின் பேரைச் சொன்னார். கென்சிங் திக்குஸ். எலி மூத்திர நோய்.

தமிழில் எலிக்காய்ச்சல். மருத்துவப் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காயம், கீறல், கண், வாய் வழியாக உள்ளே போகும். போய்ச் சில நாள் சும்மா இருந்துவிட்டு, பிறகு காய்ச்சலாகவும் கெண்டைக்கால் வலியாகவும் வெளியே வரும். அப்போதே பிடித்தால் ஆண்டிபயாட்டிக்கில் அடங்கும். விட்டால் ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும். எனக்குச் சிறுநீரகம் வரைக்கும் வந்துவிட்டது. நான் விழுங்கிய வலி மாத்திரைகள் அதற்கு ஒத்தாசை செய்திருந்தன.

கிரியாட்டினின் என்ற வார்த்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். தசைகள் உண்டாக்கும் ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தினமும் காலையில் ரத்தம் எடுத்துப்போவார்கள், மத்தியானம் வரைக்கும் அந்த நம்பருக்காகக் காத்திருப்பேன். இன்னும் ஏறினால் டயாலிசிஸ் என்றார் டாக்டர். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். சாவு பற்றிய பயமில்லை அது. இனி ஓட முடியாதே என்றுதான் அழுதேன், அவ்வளவு புத்தி எனக்கு.

பெண்கள் வார்டில் ஆம்பளை துணைக்குத் தங்க முடியாது. நர்ஸ் மிஸ்ஸிகள் கண்டிப்பானவர்கள். பார்வை நேரம் முடிந்ததும் இவரைக் கிளப்பிவிடுவார்கள். மாசாய்க்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போவார். போய் ஆஸ்பத்திரி கார் பார்க்கில், காருக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். ஏதாவது அவசரம் என்று கூப்பிட்டால் மாசாயிலிருந்து வருவதற்குள் ஜாம் ஆகிவிடுமாம். காலையில் பெட்ரோல் நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு, தேத்தண்ணியோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். என் தலையைச் சீவிவிடுவார். அவருக்குச் சடை போடத் தெரியாது, ரப்பர் பேண்டால் கட்டிவிடுவார். எதிர்க் கட்டிலில் இருந்த சீனத்தி அதைப் பார்த்துவிட்டு, என் புருஷன் என் செருப்பைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை என்று மலாயில் சொன்னாள்.

இவருடைய தங்கை மல்லிகா ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி, ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்தாள். ஊட்டிவிட்டாள். ஊட்டிக்கொண்டே, ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றாகச் சொன்னாள். இந்த வயதில் குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு காட்டில் ஓடச் சொன்னது யார், வீட்டில் இருக்கிற வேலை போதாதா, அண்ணன் வாயில்லாப் பூச்சியாக இருப்பதால்தானே இதெல்லாம். ரசம் நன்றாக இருந்ததால் பேசாமல் விழுங்கினேன். கோச்சும் வந்தார். பழக்கூடையைக் கட்டிலில் வைத்து, என்னோடு செல்ஃபி எடுத்து, போராளி என்று குரூப்பில் போட்டார். அந்தப் போட்டியில் இறங்கிய எல்லாருக்கும் எச்சரிக்கை கொடுக்கச் சொன்னேன். சீசன் நேரத்தில் எல்லாரையும் பயமுறுத்த வேண்டாம், தனித்தனியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சொன்னாரா என்று தெரியாது. இதற்குப் பெயர் பொறுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

எலிக்காய்ச்சல் வந்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும். ஓர் அதிகாரி வந்து கேள்விகள் கேட்டார். வீட்டில் எலி உண்டா, எங்கே தண்ணீரில் இறங்கினீர்கள், கூட யார் இறங்கினார்கள், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா? இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு முந்திக்கொண்டு, யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். நானும் ஒத்து ஊதினேன். என் வீட்டுக்காரர் ஓடுகிறவர் இல்லை, தண்ணீர்ப் பக்கமே வரவில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அதிகாரியும் சிரித்துவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். எங்கள் வீட்டு ஏற்பாடு மட்டும் அந்தக் கேள்விகளில் இல்லை.

ரெண்டொரு நாளில் என் நம்பர் இறங்க ஆரம்பித்தது. சிறுநீர் நிறம் தெளிந்தது. இதயமும் நுரையீரலும் நன்றாக இருப்பதால் தாங்கிக்கொண்டீர்கள், ஓடியது வீண் போகவில்லை என்று டாக்டர் பாராட்டினார். என்னைக் கொல்லப் பார்த்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான் என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு இவரிடமிருந்து கோடாலித் தைலம் வாசனை தூக்கலாக வந்தது. கால் வலிக்கிறது, காரில் மடங்கிப் படுத்தால் வேறென்ன வரும் என்றார். குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார்.

“ஓடுனது நானு. கால் வலி ஒங்களுக்கா?” என்று கேட்டேன்.

“சும்மா உக்காந்திருந்தாலும் வலிக்கும்லா,” என்றார்.

சிரித்தோம். கெண்டைக்கால் வலி என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வார்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். அந்த வலியோடு என் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உறைக்கவில்லை. ஓடாதவருக்கு அது வராது என்று என் மண்டைக்குள் முடிவாகியிருந்தது.

என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று, மருந்து வாங்கிக்கொண்டு என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளி வந்தார். தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கியது. வாசலில் வெயில் அடித்தது. பைகளை என் மடியில் வைக்கக் குனிந்தார். அப்போதுதான் அவர் கண்ணை வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை விழி சிவந்து, ஓரத்தில் மஞ்சள் கட்டியிருந்தது. பீளை இல்லை. வார்டு பாத்ரூம் கண்ணாடியில் அத்தனை நாளும் நான் பார்த்த என் கண்தான் அது. நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். தூக்கம் இல்லை, அதுதான், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து, அவரை அதில் உட்கார வைத்து, நானே எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று கேட்காதீர்கள், ஓடிச் சேர்த்த பலம்தான்.

அதே இளம் டாக்டர்தான் பார்த்தார். இவரும் ஓடினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். தண்ணீரில் இறங்கினாரா? இல்லை. தோட்டத்துப் பக்கம் போனாரா? இல்லவே இல்லை. அவருக்கும் குழப்பம், ஆனாலும் மருந்தை உடனே ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலமே மூச்சுத் திணறி ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டதாகவும், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அவருடைய சுகர் மாத்திரையையும் ஐசி அடையாள அட்டையையும் எடுக்க மறுநாள் மல்லிகாவோடு வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் என் சப்பாத்து காய்ந்து கிடந்தது. வெள்ளை வெளேரென்று. இடுக்கில் ஒரு மண்ணில்லை. உள்ளே பேப்பர் சுருட்டி வைத்திருந்தது. போட்டி முடிந்து வந்தவள் அதைச் சேறும் தண்ணியுமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி அங்கே போட்டுவிட்டு மறந்துபோயிருந்தேன். நான் ஆபீசுக்குப் போயிருந்த ஒருநாள் அவர் வழக்கம்போல எடுத்துக் கழுவியிருக்கிறார். பம்பைப் பிரித்து மாட்டுகிற கை. எப்போது பார்த்தாலும் விரலில் ஏதாவது ஒரு வெட்டு, ஒரு சிராய்ப்பு இருக்கும். கையுறை போடுகிற ஆளும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா வந்து என்ன அண்ணி என்று கேட்டாள். சொன்னேன். அத்தனை நாளும் என்னைத் திட்டித் தீர்த்தவள், அன்று சப்பாத்தை எடுத்து, பையில் போட்டு, இறுகக் கட்டி, குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

ஐசியு வாசலில் காத்திருக்கிற கூட்டத்துக்கு ஒரு தனி நாகரிகம் உண்டு. யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்க மாட்டார்கள். பிஸ்கட்டைப் பகிர்ந்துகொள்வார்கள், சார்ஜரைக் கடன் கொடுப்பார்கள். கதவு திறந்தால் எல்லாரும் ஒன்றாக எழுந்து நிற்போம், ஒருவர் பெயர் கூப்பிட்டதும் மற்றவர்கள் உட்காருவோம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில்லைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. மற்ற எல்லாப் பயமும் இருந்தது. குழாயை எடுத்த பிறகு அவர் கண்ணைத் திறந்து, முதலில் கேட்டது என் கிரியாட்டினின் எவ்வளவு என்று. நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

ஆமாம், எனக்கு அவர்மேல் கோபம். இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிடிப்பதில்லை. தங்கமான மனுஷன் என்கிறார்கள். தங்கமான மனுஷன் காய்ச்சலை ஏன் மறைக்க வேண்டும்? அதிகாரி கேட்கும்போது ஏன் வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டும்? யார் கழுவச் சொன்னது? அன்பு என்றால் வாயைத் திறந்து எனக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் கட்டிலில் கவலைப்படுவேனாம். இப்போது நான் கவலைப்படாமல் இருக்கிறேனா?

அவர் ஐசியுவிலிருந்து வார்டுக்கு வந்த பிறகு டாக்டர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி விளக்கினார். எனக்குத் திரும்பிவிட்ட சிறுநீரகம் இவருக்கு ஏன் திரும்பவில்லை என்று நான்தான் கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். பல வருஷச் சுகர் அவருடைய சிறுநீரகத்தை ஏற்கெனவே அரித்து வைத்திருந்தது. இரண்டாவது, அவர் வந்தது மிகத் தாமதம். எனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் காய்ச்சலோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மருந்து இரண்டடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது, கால் வலிக்கு அவர் போட்டுக்கொண்ட மாத்திரைகள். அவை எங்கிருந்து வந்தன என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் விளையாட்டுப் பையில் நான் பாதி விட்டிருந்த மாத்திரை அட்டை காலியாக இருந்தது.

மூன்று மாதம் பார்க்கலாம், சிலருக்குச் சிறுநீரகம் மெதுவாக விழித்துக்கொள்ளும் என்றார்கள். அந்த மூன்று மாதம்தான் இப்போது முடிந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயோடு ஒன்றுவிட்டு ஒருநாள் சென்டருக்கு வந்தோம். தண்ணீரை அளந்து குடித்தார். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. வேலைக்கு நீண்ட லீவு. ஒருநாள்கூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நான் காத்திருந்தேன். ஒருநாள் குழம்பில் உப்பைக் கூடப் போட்டுவிட்டு, இப்போதாவது கத்துவார் என்று பார்த்தேன். தண்ணீர் தாகம் எடுக்கும், எனக்கு வேண்டாம் என்று தட்டை நகர்த்தி வைத்தார்.

இதற்கு நடுவே கோச் போன் செய்தார். அடுத்த போட்டிக்கு முன்னால் ஒரு கூட்டம் போடுகிறோம், நீங்கள் எப்படி மீண்டு வந்தீர்கள் என்று பேச வேண்டும் என்றார்.

“அக்கா, ஒங்க கதையக் கேட்டா புது ஆளுங்களுக்கு மோட்டிவேஷன் வரும்,” என்றார்.

எங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டு ஒருவர் இருக்கிறாரே, அவரையும் மேடை ஏற்றலாமா என்று கேட்டேன். அலமாக், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாமே என்றார். வைத்துவிட்டேன். குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். பூங்காவில் இப்போதும் அவர்கள் ஓடுகிறார்கள், என்னைப் பார்த்தால் கை ஆட்டுகிறார்கள். என் கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஓடினால் ஓடும்.

போன வாரம் சிறுநீரக டாக்டர் கடைசி ரிசல்ட்டைப் பார்த்தார். இனி காத்திருப்பதில் அர்த்தமில்லை என்றார். கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த ரத்தக்குழாய் புடைத்துப் பெரிதாகும். இனி வாழ்நாள் முழுக்க ஊசி குத்த அதுதான் வழி. அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. எந்தக் கையில் என்று மட்டும் இவர் கேட்டார். இடது என்றார் டாக்டர். டேங்கியூ டாக்டர் என்று எழுந்துகொண்டார்.

கார் நான்தான் ஓட்டினேன். பாசீர் கூடாங் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அவர் இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரளா, ஒன்னு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“ஏன் ஒனக்கு மட்டும் நல்லாயிருச்சு?”

மூன்று மாதமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த திட்டு இதுவல்ல. அவர் நிஜமாகவே கேட்டார். ஒரே மாதிரி இரண்டு பம்பில் ஒன்று ஓடி ஒன்று நின்றுபோனால் காரணத்தைத் தேடுவாரே, அந்தக் குரலில் கேட்டார். தாழ்வாரத்தில் டாக்டர் சொன்ன மூன்றும் என்னிடம் இருந்தன.

“ஒங்களுக்கு சுகர் இருந்துச்சில்ல, அதான்,” என்றேன்.

மற்ற இரண்டையும் சொல்லவில்லை. அவர் விரித்த கையை மடக்கிக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

“ஆமாம்லா. நான் சோத்தக் கொறச்சிருக்கணும்.”

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.